பிடி ஏர்லியின் சாபமும் ஜெர் லாக்னனும்

அயர்லாந்தின் மேற்கில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய கிளேர் கவுண்டியில், ஃபீக்கிள் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு அந்த ஊரின் பெயர் வேறு இரண்டு காரணங்களால் தெரிந்திருக்கக்கூடும். 18ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் மொழியில் 'நள்ளிரவு நீதிமன்றம்' என்ற நீண்ட அங்கதக் கவிதையை எழுதிய பிரையன் மெரிமன் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1805இல் லிமெரிக் நகரில் இறந்த அவரைக் கொண்டுவந்து புதைத்ததும் ஃபீக்கிள் கல்லறையில்தான். அடுத்த நூற்றாண்டில் அதே வட்டாரத்தில் பிடி ஏர்லி என்ற மூலிகை மருத்துவச்சி வாழ்ந்தாள். நீலக் கண்ணாடிக் குப்பி ஒன்றை வைத்துக்கொண்டு அதன் வழியே வரப்போவதைப் பார்த்துச் சொல்வாள் என்று மக்கள் நம்பினார்கள். பாதிரிமார்கள் அவளை மந்திரக்காரி என்றார்கள். 1865இல் என்னிஸ் நகர நீதிமன்றத்தில் சூனியச் சட்டத்தின்கீழ் அவளை நிறுத்தியும் வழக்கு நிற்கவில்லை. அவள் இறந்து இருபதாண்டுகள் கழிந்தபின் லேடி கிரிகரி அந்தப் பக்கம் சென்று கிழவர்களிடம் அவளைப் பற்றிய கதைகளைக் கேட்டு எழுதினார். அவை 1920இல் நூலாக வந்தன.

இந்த ஊரில் 1953இல் பிறந்த மூன்றாவது ஒருவரைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஜெர் லாக்னன். மெரிமனைப் போல இவரும் பள்ளி ஆசிரியர். பிடி ஏர்லியைப் போல இவரும் தம் காலத்துப் பெரியவர்களோடு மோதியவர். ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்து, பிறகு தம் கவுண்டி அணியின் மேலாளராகி, 81 ஆண்டுகள் கிட்டாதிருந்த ஒன்றைப் பெற்றுத் தந்தவர்.

அந்த 81 ஆண்டுகளுக்கும் பிடி ஏர்லிதான் காரணம் என்று கிளேர் மக்கள் சொல்லிவந்தார்கள். அவள் சாபமிட்டுவிட்டாளாம், அதனால்தான் கிளேர் அணி அகில அயர்லாந்துக் கோப்பையை வெல்லமுடியவில்லையாம். இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. பிடி ஏர்லி இறந்தது 1874இல். ஹர்லிங்கை முறைப்படுத்திப் போட்டிகள் நடத்தும் கேலிக் விளையாட்டுக் கழகம் தர்லஸ் நகரின் ஒரு ஹோட்டலில் தொடங்கப்பட்டது 1884 நவம்பர் 1 அன்று. இன்னும் பிறக்காத ஒரு கழகத்தின் இன்னும் வார்க்கப்படாத ஒரு கோப்பையை, பத்தாண்டுகள் முன்கூட்டியே எண்ணிச் சபித்துவிட்டு அவள் கண்மூடியிருக்க வேண்டும். தோற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்குகளில் அக்கறை இருப்பதில்லை. ஆனால், சாபம் என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ளும்போது நிம்மதி கிடைத்துவிடுகிறது. யாருடைய தவறும் இல்லை என்று ஆகிவிடுகிறது. லாக்னன் வாழ்நாள் முழுக்கச் சண்டையிட்டது அந்த நிம்மதியோடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹர்லிங்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் ஆஷ் மரத்தில் செய்த மட்டை. ஹாக்கி மட்டையின் நுனியைத் தட்டி அகலப்படுத்தியதுபோல் இருக்கும். தோல் போர்த்திய சிறு பந்து. அதைத் தரையிலும் அடிக்கலாம், வானத்தில் வரும்போதும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்தியபடி ஓடவும் செய்யலாம். ஆங்கில 'எச்' எழுத்தைப் போன்ற கம்பங்களில் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் அது கோல், மூன்று புள்ளிகளுக்குச் சமம். எனவே 1-13 என்று எழுதினால் ஒரு கோலும் பதின்மூன்று புள்ளிகளும், ஆகமொத்தம் பதினாறு என்று பொருள். கவுண்டிகளுக்கு இடையிலான ஆட்டம் எழுபது நிமிடம். முதலில் மாகாணக் கோப்பை, பிறகு டப்ளின் குரோக் பார்க்கில் அகில அயர்லாந்துக் கோப்பை. ஆடுபவர் எவருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்த மண்ணுக்காக ஆடுவது என்பதுதான் இதன் அடிப்படை. கார்க்கில் பிறந்த திறமைசாலியைக் கிளேர் விலைக்கு வாங்க முடியாது. வேளாண்மை செய்பவரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் வேலை முடிந்த இரவில் பயிற்சிக்கு வந்து, ஞாயிறன்று அறுபதாயிரம் பேருக்கு முன்னால் ஆடிவிட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்புவார்கள்.

கேலிக் கழகத்தைத் தோற்றுவித்த மைக்கேல் கியூசாக் கிளேர் மண்ணின் மைந்தர் என்பது வரலாற்றின் குறும்பு. (ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில் மதுக்கடையில் அமர்ந்து முழங்கும் 'குடிமகன்' பாத்திரத்துக்கு இவரே மூலம் என்று சொல்வார்கள்.) விளையாட்டை நாட்டுக்கே வழங்கியவரின் கவுண்டிக்கு அதில் வாய்த்தது மிகச் சொற்பம். 1914இல் ஒரே ஒரு முறை அகில அயர்லாந்துக் கோப்பை. 1932இல் மன்ஸ்டர் மாகாணக் கோப்பை, அதோடு சரி. அதே மன்ஸ்டர் மாகாணத்துக்குள் கார்க், டிப்பரரி என்ற இரண்டு மலைகள் நின்றன. 1994 முடிவில் கார்க் 27 முறையும், லென்ஸ்டர் மாகாணத்தின் கில்கென்னி 25 முறையும், டிப்பரரி 24 முறையும் நாட்டுக்கோப்பையை வென்றிருந்தன. இந்த மூவரும் ஆடுவது. மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது. கிளேர்க்காரர்கள் இசை தெரிந்தவர்கள், பிடில் வாசிப்பார்கள், நல்ல மனிதர்கள் என்று பாராட்டப்படுவார்கள். இரக்கம் கலந்த அந்தப் பாராட்டு லாக்னனுக்கு அடிவயிற்றில் எரிந்தது.

லாக்னன் என்னிஸ் நகரின் புனித ஃப்ளானன் கல்லூரியில் படித்தார். ஹர்லிங் வீரர்களை உருவாக்குவதில் பெயர்பெற்ற பள்ளி அது. டப்ளினில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஷானன் நகரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். 1970களின் தொடக்கத்தில் கிளேர் அணிக்குள் வந்தார். ஆடிய இடம் வலப்புறப் பின்கள ஓரம். அங்கே நிற்பவர் எதிரியின் புள்ளிகளைத் தடுக்கவேண்டும், தடுத்த பந்தைத் தாக்குதலாக மாற்றவும் வேண்டும். 1974இல் நாட்டின் தலைசிறந்த பதினைவருக்கு வழங்கப்படும் ஆல் ஸ்டார் விருது அவருக்குக் கிடைத்தது. கிளேரிலிருந்து அதைப் பெற்ற முதல் ஹர்லிங் வீரர் அவர்தான். 1977இல் மீண்டும் பெற்றார்.

அந்த 1977, 78ஆம் ஆண்டுகளின் அணியைப் பற்றிக் கிளேரில் இன்னமும் பெருமூச்சோடு பேசுவார்கள். ஃபீக்கிள் ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஹாரி போஹன்தான் அதன் மேலாளர். இரண்டு ஆண்டுகளும் குளிர்கால லீக் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கில்கென்னியைத் தோற்கடித்தார்கள். கோடை வந்தது, மன்ஸ்டர் இறுதியாட்டமும் வந்தது, கார்க்கும் வந்தது. 1977இல் 4-15க்கு 4-10 என்று தோல்வி. அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆயுதம் ஏந்திய திருடர்கள் தர்லஸ் மைதானத்தின் மாடத்துக்கு அடியில் புகுந்து நுழைவுச்சீட்டுப் பணத்தை அள்ளிப்போனார்கள். கிளேர்க்காரர்களைக் கேட்டால், அன்று நடந்தது இரண்டு கொள்ளைகள் என்பார்கள். அடுத்த ஆண்டு 0-13க்கு 0-11. இரண்டே இரண்டு புள்ளிகள்.

லாக்னன் ஆடிய காலத்தில் கிளேர் தோற்ற மன்ஸ்டர் இறுதியாட்டங்களை வரிசையாகச் சொன்னால் 1974, 1977, 1978, 1981, 1986. ஒரு மனிதனின் இருபது வயது முதல் முப்பத்துமூன்று வயது வரை. 1980களின் இறுதியில் அவர் மட்டையை வைத்தபோது கையில் ஒரு மன்ஸ்டர் பதக்கம்கூட இல்லை. கார்க் அணியில் பிறந்திருந்தால் நான்கைந்து வைத்திருந்திருப்பார்.

நான் அறிந்தவரை, இந்த விளையாட்டில் பெரிய மேலாளர்கள் பலர் பதக்கங்கள் குவித்த வீரர்களாக இருந்து வந்தவர்கள். தாங்கள் ஏற்கெனவே போன வழியைக் காட்டுகிறவர்கள். லாக்னனுக்குத் தெரிந்தது போகமுடியாமல் நின்ற வழி மட்டுமே. எந்த வளைவில் கால் நடுங்கும், கார்க்கின் சிவப்புச் சட்டையைக் கண்டதும் எந்த நிமிடத்தில் தொண்டை வறளும், எப்போது 'போதும், கௌரவமாகத் தோற்போம்' என்ற எண்ணம் உள்ளே நுழையும் என்பதையெல்லாம் அவர் உடலால் அறிந்திருந்தார். 1978 அணியினர் திறமையில் குறைந்தவர்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனவே சிக்கல் மட்டையில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

1993 மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் டிப்பரரி கிளேரை 3-27க்கு 2-12 என்று நொறுக்கியது. பதினெட்டுப் புள்ளி வேறுபாடு. ஆட்டத்தின் பிற்பகுதியில் டிப்பரரியின் நிக்கி இங்கிலிஷ் ஒரு புள்ளி எடுத்தபின் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார், இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கிளேர் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டது. 1994இல் மறுபடி இறுதியாட்டம், லிமெரிக்கிடம் 0-25க்கு 2-10. லென் கெய்னர் விலகினார். அந்த ஆண்டு அவரோடு தேர்வாளராக இருந்த லாக்னன் இலையுதிர் காலத்தில் பொறுப்பேற்றார்.

உடற்பயிற்சிக்கு மைக் மக்நமாரா, தேர்வாளராக டோனி கான்சிடைன். குரஷீன் என்ற கிராமத்து மைதானத்தில் குளிர்கால இரவுகளில் சேற்றில் ஓட்டம். ஷானனில் ஒரு செங்குத்தான மேடு. அதில் ஏறி இறங்கி, மீண்டும் ஏறி. சூரியன் எழாத காலையிலும் பயிற்சி உண்டு. வசந்தம் வந்ததும் என்னிஸ் நகரத்து கியூசாக் பார்க்கில் மட்டையும் பந்தும் கொண்ட பயிற்சி, அதுவும் ஆட்டத்தைவிட வேகமாக. எவரும் நிற்கக்கூடாது, பந்தைக் கையில் எடுத்து யோசிக்கக்கூடாது. நடுவே நின்று லாக்னன் கத்திக்கொண்டே இருப்பார். பகலில் சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த குரல், இரவில் இருபது வயது இளைஞர்களை வாய்க்கு வந்தபடி ஏசியது. அவரிடம் ஆடியவர்கள் பலர் அதைப் பின்னாளில் அன்போடும் சிலர் கசப்போடும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய உடல் வலுப்பட்டது ஒருபுறம். அதைவிட முக்கியம், இவ்வளவு துன்பப்பட்ட பிறகு கௌரவமாகத் தோற்பது என்பது பொருளற்றுப் போனது. நாம் பட்டதை வேறு எவனும் பட்டிருக்க மாட்டான் என்ற எண்ணம் ஒரு சொத்தாகச் சேர்ந்தது. சாபத்துக்கு எதிரான தாயத்து என்று அதைச் சொல்லலாம். குப்பி வேறு, மந்திரம் அதேதான்.

1995 மே மாத லீக் இறுதியாட்டத்தில் கில்கென்னியிடம் கிளேர் மோசமாகத் தோற்றது. வழக்கம்போல இதுவும் முடிந்தது என்று ஊர் முடிவு கட்டியபோது, மன்ஸ்டர் கோப்பையை நாங்கள் வெல்லப்போகிறோம் என்று லாக்னன் அறிவித்தார். சிரித்தார்கள்.

அடுத்து கார்க்குடன் அரையிறுதி. கிளேரின் நடுப்பின்கள வீரர் ஷானி மக்மேனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மாற்றுவீரர்கள் ஏற்கெனவே இறக்கப்பட்டுவிட்டார்கள். ஒரு கை தொங்க, மற்றொரு கையில் மட்டையோடு அவர் முன்களத்தின் மூலைக்கு நகர்ந்து நின்றார். வெறுமனே ஆளெண்ணிக்கைக்கு நின்றவர் அல்லர். தம்மால் இயன்றவரை கார்க் வீரர் ஒருவரை நெருக்கி, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்படி செய்தார். அதனால் கிளேருக்குக் கிடைத்த எல்லையோர அடியை ஃபெர்ஜி டூஹி உயரத் தூக்க, ஆலி பேக்கர் அதைக் கோலாக்கினார். 2-13க்கு 3-9. ஒரே ஒரு புள்ளி வேறுபாடு. ஒடிந்த எலும்போடு ஒருவர் நெருக்கிய நெருக்கலில்தான் அறுபத்துமூன்று ஆண்டுகளின் பூட்டு அசைந்தது என்றால் மிகையில்லை. மக்மேன் குணமாகி, அதே கோடையில் குரோக் பார்க்கிலும் ஆடினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 9, தர்லஸ். லிமெரிக்குடன் மன்ஸ்டர் இறுதியாட்டம். இடைவேளைக்குச் சற்று முன்பு கிளேருக்குப் பெனால்டி. அதை அடிக்க மைதானத்தின் மறுமுனையிலிருந்து கோல்கீப்பர் டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட் ஓடிவந்தார். கோலடித்துவிட்டுக் கொண்டாட நில்லாமல் அதே வேகத்தில் தம் கம்பங்களுக்குத் திரும்பி ஓடினார். இறுதியில் 1-17க்கு 0-11. 1932க்குப் பிறகு முதல் மன்ஸ்டர் கோப்பை. 1977ஐயும் 1978ஐயும் நினைத்துக்கொண்டு வந்திருந்த முதியவர்கள் மைதானத்தில் அழுதார்கள்.

செப்டம்பர் 3. ஆஃபலி அணியுடன் அகில அயர்லாந்து இறுதியாட்டம். ஆஃபலி முந்தைய ஆண்டின் வெற்றியாளர். இடைவேளைக்குச் சற்று முன் ஒரு கோல் வாங்கி, கிளேர் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. உள்ளே நடந்துகொண்டிருந்த லாக்னனைத் தொலைக்காட்சி நிருபர் நிறுத்திக் கேட்டார். நாங்கள் இதைச் செய்யப்போகிறோம் என்றார் அவர். அவ்வளவுதான். கேமராவைப் பார்த்து அதைச் சொன்ன முகத்தில் வேண்டுதலோ வீம்போ இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். கிளேர் வீடுகளில் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தவர்கள் அந்த நொடியில்தான் முதன்முதலாக நம்பினோம் என்று பின்னர் சொன்னார்கள்.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தலைவர் அந்தோனி டேலி தொலைவிலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, மாற்றுவீரராக இறங்கியிருந்த ஏமன் டாஃப் அதை வலைக்குள் தள்ளினார். பிறகு ஆஃபலி சமன் செய்தது. 65 மீட்டர் கோட்டிலிருந்து டேலி அடித்த அடி மறுபடி கிளேரை முன்னே கொண்டுவந்தது. ஜேம்சி ஓகானர் இன்னொரு புள்ளி சேர்த்தார். 1-13க்கு 2-8. கோலடித்த டாஃப்பைச் சிறிது நேரத்திலேயே வெளியே அழைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு பெரும்பகுதியும் காயத்தோடு கழித்தவர், நொடி நேரம் உள்ளே வந்து 81 ஆண்டுகளின் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போய் பெஞ்சில் அமர்ந்தார். ஒரு சிறுகதைக்காரன் எழுதினால் செயற்கை என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

1996இல் லிமெரிக் ஒரு புள்ளியில் வெளியேற்றியது. கடைசி நிமிடத்தில் கியரன் கேரி தன்னந்தனியாகப் பந்தோடு ஓடிவந்து எடுத்த புள்ளி அது; தோற்ற கிளேர்க்காரர்களும் அதை மறப்பதில்லை. 1997இல் மன்ஸ்டர் இறுதியாட்டத்தில் டிப்பரரியை 1-18க்கு 0-18 என்று வென்றார்கள். 1993இன் சிரிப்புக்கு அன்று பதில் கிடைத்தது. கோப்பையை ஏந்தியபடி, மன்ஸ்டரில் அடிவாங்கும் பிள்ளைகளாக நாங்கள் இனி இருக்கமாட்டோம் என்ற பொருள்பட டேலி பேசியது டிப்பரரியைச் சுட்டது. மாகாண இறுதியில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தரும் 'பின்வாசல்' விதி அந்த ஆண்டுதான் அறிமுகமானது. அதன்வழி திரும்பிவந்த டிப்பரரியையே நாட்டு இறுதியாட்டத்தில் மறுபடி சந்தித்து, 0-20க்கு 2-13 என்று ஒரு புள்ளியில் வென்றார்கள். மூன்று ஆண்டுகளில் இரண்டு கோப்பைகள். முதல் கோப்பைக்கு நாடே மகிழ்ந்தது. இரண்டாவதற்கு அவ்வளவு பேர் மகிழவில்லை. பாவப்பட்டவன் ஒருமுறை ஜெயித்தால் அழகு. மறுமுறையும் ஜெயித்து, வாயும் பேசினால், அவன் யார் என்ற கேள்வி எழுகிறது.

1998ஐப் பற்றி மட்டும் தனிப் புத்தகம் எழுதலாம். வாட்டர்ஃபோர்ட் அணியுடன் மன்ஸ்டர் இறுதியாட்டம் சமனாக முடிந்தது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 19 அன்று மறு ஆட்டம். முதல் ஆட்டத்தில் தம் அணி மென்மையாக நடந்துகொண்டது என்று லாக்னன் கருதியிருந்தார். இம்முறை கிளேர் கொதித்துக்கொண்டு இறங்கியது. பந்து உள்ளே எறியப்பட்ட கணமே மட்டைகள் வீசப்பட்டன. சில நிமிடங்களில் இரு பக்கமும் ஒவ்வொருவர் வெளியேற்றப்பட்டார்கள். கிளேரின் பிரையன் லோகன் அதில் ஒருவர். கிளேர் 2-16க்கு 0-10 என்று எளிதாக வென்றது. ஆனால் ஆட்டம் முடிந்தபின்தான் உண்மையான ஆட்டம் தொடங்கியது. தொடக்கக் கைகலப்பில் மட்டை வீசிய காலின் லின்ச்சை நடுவர் மைதானத்தில் வெளியேற்றவில்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எழுப்பிய கூச்சலுக்குப் பிறகு, மன்ஸ்டர் குழு அவருக்கு மூன்று மாதத் தடை விதித்தது. கிளேரின் அந்த ஆண்டுக் கனவில் முக்கியமான கண்ணி அவர்.

லாக்னன் உள்ளூர் வானொலியான கிளேர் எஃப்.எம். நிலையத்தில் அமர்ந்து நீண்ட நேரம் பேசினார். அதிகாரிகள், பத்திரிகைகள், மாடத்தில் அமர்ந்து பாதிரிமார் மூவர் கிளேரைப் பற்றி இழிவாகப் பேசியதாகத் தமக்கு எட்டிய செய்தி என ஒன்றையும் விடவில்லை. கவுண்டி முழுதும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது என்பார்கள். ஃபீக்கிள் மண்ணில் நடந்த மெரிமனின் நள்ளிரவு நீதிமன்றத்தில் அயர்லாந்து ஆண்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். இந்த வானொலி நீதிமன்றத்தில் ஹர்லிங்கின் பெரிய மனிதர்கள் அனைவரும் நின்றார்கள். அவர் சொன்னவற்றில் பாதி நியாயமானவை என்பது என் கணிப்பு. விளையாட்டில் தண்டனை என்பது நடுவரின் கண்ணைச் சார்ந்தது. செய்தித்தாளின் தலைப்பைச் சார்ந்ததாக அது மாறக்கூடாது. மற்றப் பாதி, எங்களை எவரும் வாழவிடமாட்டார்கள் என்ற குமுறல். பிடி ஏர்லியின் சாபத்தை ஒழித்தவர், அந்த இடத்தில் அதிகாரிகளின் சதியைக் கொண்டுவந்து வைக்கிறாரோ என்று அன்று அவரை நேசித்தவர்களுக்கே ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததை எந்தச் சதியிலும் சேர்க்கமுடியாது. அரையிறுதியில் ஆஃபலியுடன் 1-13க்கு 1-13 என்று சமன். ஆகஸ்ட் 22 அன்று குரோக் பார்க்கில் மறு ஆட்டம். கிளேர் 1-16க்கு 2-10 என்று மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தபோது நடுவர் ஜிம்மி கூனி விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தார். இன்னும் இரண்டு நிமிடங்கள் மிச்சமிருந்தன. அவர் கணக்கில் பிசகிவிட்டார், அவ்வளவுதான். ஆஃபலி ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் களத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்து அங்கே நடக்கவேண்டிய வேறொரு ஆட்டத்தை நடத்தவே முடியவில்லை. கழகம் மீண்டும் ஓர் ஆட்டத்துக்கு ஆணையிட்டது. கிளேர் அதை எதிர்த்துப் போராடாமல் ஆடச் சம்மதித்தது. ஒரு வாரம் கழித்து தர்லஸில், களைத்துப்போன கிளேரை ஆஃபலி 0-16க்கு 0-13 என்று வென்று, இறுதியாட்டத்தில் கில்கென்னியையும் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. அதே ஆஃபலி வீரர்களைத்தான் அந்தக் கோடையின் நடுவே அவர்களுடைய மேலாளர் ஆட்டு மந்தை என்று சொல்லிவிட்டு விலகியிருந்தார்.

வானொலியில் அனைத்தையும் எதிர்த்து முழங்கியவர், கையிலிருந்த வெற்றி பிடுங்கப்பட்டபோது ஏன் இசைந்தார்? இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது உண்மை என்பதே காரணமாக இருக்கலாம். அந்த நிமிடங்களை ஆடாமல் பெற்ற வெற்றியை வைத்துக்கொண்டால், அவர் வாழ்நாளெல்லாம் பேசிய பேச்சுக்கு மதிப்பிருந்திருக்காது. அவருடைய எதிரிகள் இந்தச் செயலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அந்த அணி அதற்குப்பின் பழைய நிலைக்கு வரவில்லை. 1999இல் அரையிறுதியில் கில்கென்னியிடமும் 2000த்தில் மன்ஸ்டரிலேயே டிப்பரரியிடமும் தோற்றது. லாக்னன் விலகினார். கோபத்தை எரிபொருளாகக் கொண்ட வண்டி ஆறு ஆண்டுகள் ஓடியதே பெரிது. அடுத்த ஆண்டு ஜான் ஸ்காலி எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வெளிவந்து மறுபடி பலரைப் புண்படுத்தியது.

2006இன் இறுதியில் அவர் கால்வே அணியின் மேலாளரானார். அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் 1988க்குப் பிறகு கோப்பையும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் கோப்பை என்று உறுதியளித்தார். நடக்கவில்லை. 2007இல் காலிறுதியில் கில்கென்னியிடம் தோல்வி. 2008 ஜூலையில் தர்லஸில் கார்க்கின் கோல்கீப்பர் வெளியேற்றப்பட்டு ஓர் ஆள் குறைந்திருந்தும் கால்வே 0-23க்கு 2-15 என்று தோற்றது. அந்த 2-15இல் 2-12 ஜோ கேனிங் என்ற பத்தொன்பது வயது இளைஞனுடையது. கால்வே கிளப்புகள் வாக்களித்து லாக்னனை அனுப்பிவிட்டன.

கால்வே தோல்வியைச் சுட்டி, லாக்னனின் முறை காலாவதியானது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரஷீன் சேற்றில் அவர் கத்தியபோது அந்தக் கத்தலில் 1977ம் 1978ம் இருந்தன. கேட்டவர்களின் தந்தையர் அந்த ஆட்டங்களைப் பார்த்து அழுதவர்கள். அது குடும்பத்துக்குள் நடக்கும் ஏச்சு. கால்வே வீரனுக்கு அவர் ஓர் அயல் கவுண்டிக்காரர். புகழ்பெற்றவர், சத்தம் போடுகிறவர். அவனுடைய தோல்விகள் வேறு, அவற்றின் உள்விவரம் லாக்னனுக்குத் தெரியாது. கால்வே 2017இல் கோப்பையை வென்றபோது அதை வழிநடத்தியவர் கால்வே மண்ணின் மீஹால் டானஹூ. கேனிங் அதே அணியில் இருந்தார்.

கிளேர் 2013இல் நான்காவது முறையாக நாட்டுக்கோப்பையை வென்றது. கார்க்குடன் நடந்த மறு ஆட்டத்தில் 5-16க்கு 3-16. மேலாளர் டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட். பெனால்டி அடித்துவிட்டுத் திரும்பி ஓடிய அதே கோல்கீப்பர். 2024 ஜூலையில் ஐந்தாவது கோப்பை, மறுபடி கார்க்கை, கூடுதல் நேரத்துக்குப் பிறகு 3-29க்கு 1-34 என்று, ஒரே ஒரு புள்ளியில். மேலாளர் பிரையன் லோகன். வாட்டர்ஃபோர்டுக்கு எதிரான மறு ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட அதே பின்கள வீரர். இடையில் அந்தோனி டேலி கிளேருக்கும் டப்ளினுக்கும் மேலாளராக இருந்து, 2013இல் டப்ளினுக்கு லென்ஸ்டர் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

2024 இலையுதிர் காலத்தில் கிளேர் கவுண்டியின் கிளப் கோப்பையை ஃபீக்கிள் வென்றது. அந்த ஊர் அதற்கு முன் அதை வென்றது 1988இல். பிடி ஏர்லி இறந்ததும் பாதிரியார் ஒருவர் அவளுடைய நீலக்குப்பியை எடுத்துப்போய் எறிந்ததாகச் சொல்லப்படும் கில்பாரன் ஏரி அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. குப்பியைத் தேடி அதில் இறங்கியவர்கள் உண்டு. இதுவரை எவருக்கும் கிடைத்ததில்லை.